எஃகைக் காக்கும் காசுக்கட்டி

வெற்றிலை போடும் பழக்கமுள்ள வீடுகளில் பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு காசுக்கட்டி என்னும் பழுப்பு நிறக் கட்டியும் இருக்கும். அதில் சிறிது கிள்ளி வாயிலிட்டால் நாக்கு சுருங்கும். துவர்ப்பு நெடுநேரம் நிற்கும். கருங்காலி மரத்தின் வைரத்திலிருந்தும் காசுக்கட்டி எடுப்பதுண்டு. மலேசியாவில் வழங்கும் காசுக்கட்டியோ காம்பிர் என்னும் செடியின் இலைகளை வேகவைத்து எடுக்கப்படுவது. நாக்கைச் சுருக்கும் இந்தத் துவர்ப்பொருளுக்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. அமிலத்தில் நனையும் எஃகு விரைவாக அரிக்கப்படாமல் அது காக்கிறது. இந்த ஆற்றலின் காரணத்தை அறிந்தால், தொழிற்சாலைகளில் நாள்தோறும் நடைபெறும் ஒரு முக்கியமான வேலையையும் புரிந்துகொள்ளலாம்.

ஜொகூரும் காம்பிரும்

ஜொகூர் மாநிலச் சின்னத்தைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அதில் காம்பிர், மிளகு ஆகிய இரண்டு பயிர்களின் உருவங்களைக் காணலாம். இம்மாநிலத்தின் தொடக்ககாலச் செல்வம் இவ்விரு பயிர்களிலிருந்தே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் ஜொகூரை ஆண்டபோது, சீனப் பயிரிடுவோர் சிங்கப்பூரிலிருந்து இங்கு வந்து குடியேறினர். ஓர் ஆற்றங்கரைப் பகுதியைத் திருத்திப் பயிரிடும் உரிமையை வழங்கிய ஆவணத்திற்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். 1844-ஆம் ஆண்டில் ஸ்கூடாய் ஆற்றுப் பகுதிக்கு இத்தகைய ஆவணம் வழங்கப்பட்டது. இன்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஸ்கூடாய் வட்டாரம் அன்று காம்பிர்க் காடாக மாறத் தொடங்கியது.

பறித்த இலைகளைப் பெரிய இரும்புக் கொப்பரைகளில் இட்டுப் பலமணி நேரம் வேகவைப்பார்கள். சாறு கெட்டியானதும் அதனைச் சிறு கட்டிகளாக வெட்டிக் காயவைப்பார்கள். சாறு எடுத்தபின் எஞ்சும் சக்கை மிளகுக் கொடிகளுக்கு உரமாகும். அதனால்தான் இவ்விரு பயிர்களும் ஒரே தோட்டத்தில் இணைந்து வளர்ந்தன. காம்பிர்க் கட்டிகள் தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் அயல்நாடுகளுக்குக் கப்பலேறின. பின்னர் இரப்பர் பெருகியது, காம்பிர் ஒதுங்கியது. ஆற்றங்கரைத் தலைவர்கள் நிருவகித்த 'கங்சூ' முறையும் 1917-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது.

எஃகை அமிலத்தில் இடுவது ஏன்?

பண்டிகைக்கு முன்பு பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். புளியிலுள்ள அமிலம் விளக்கின்மேல் படிந்திருக்கும் களிம்பைக் கரைக்கிறது; அடியிலுள்ள உலோகம் பளிச்சென்று வெளிப்படுகிறது. தொழிற்சாலைகளிலும் இதே வேலை பேரளவில் நடைபெறுகிறது.

எஃகைச் செந்தணலாகச் சூடாக்கித் தகடாக உருட்டும்போது, அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கறுத்த செதில் படலத்தை உண்டாக்குகிறது. செதிலும் துருவும் இருக்கும்வரை சாயமோ துத்தநாகப் பூச்சோ எஃகில் பிடிக்காது. வீட்டுக் கூரைக்குப் பயன்படும் துத்தநாகத் தகடும் செதில் நீக்கப்பட்ட பிறகே பூச்சுக்குச் செல்கிறது. இதற்காக எஃகைக் கந்தக அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ முக்கி எடுக்கிறார்கள்.

கொதிகலன்களுக்கும் அமிலம் தேவைப்படுகிறது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து வெப்பத்தால் பிரிந்து, குழாய்களின் உட்புறத்தில் கல்போல் படியும். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுதான். இப்படிவு தடித்தால் வெப்பம் நீரை எளிதில் சென்றடையாது, எரிபொருள் வீணாகும், குழாய் அளவுக்குமீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். பாசீர் கூடாங்கிலுள்ள செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெங்கேராங்கிலுள்ள பெட்ரோலியச் சுத்திகரிப்பு வளாகமும் நீராவி இல்லாமல் இயங்க இயலாதவை. இத்தகைய இடங்களில் கொதிகலன்களிலும் குழாய்களிலும் படிந்ததை நீக்கும் வழிகளுள் அமிலக் கழுவலும் ஒன்றாகும்.

அமிலம் எங்கே நிற்கும்?

அமிலத்திற்குச் செதில் எது, எஃகு எது என்ற வேறுபாடு தெரியாது. செதிலைக் கரைத்தபின் அடுத்து இரும்பைத் தாக்கும். இரும்பின் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக அமிலத்தில் கரைகின்றன. அவை விட்டுச்சென்ற எலக்ட்ரான்களை அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பெற்றுக்கொண்டு, ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழிடுகின்றன. ஆகவே, அமிலத்திலிட்ட இரும்பாணியில் எழும் ஒவ்வொரு குமிழும் இரும்பு கரைந்துகொண்டிருப்பதைக் காட்டும் அடையாளமாகும்.

இதனால் மூன்று தீங்குகள் விளைகின்றன. முதலாவதாக, எஃகு மெலிகிறது. பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் ஒவ்வொரு கழுவலிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்தால், ஒருநாள் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும். இரண்டாவதாக, ஹைட்ரஜன் அணுக்களில் சில வாயுவாக வெளியேறாமல் எஃகினுள்ளே புகுந்து, வளைந்து கொடுக்கவேண்டிய உலோகத்தை எளிதில் முறியும்படி செய்துவிடும். மூன்றாவதாக, வெடித்து மேலெழும் குமிழிகள் அமிலத் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடும். தொட்டியருகே வேலை செய்பவர்களின் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அந்த அமிலப்புகை பாதிக்கும்.

உலோக அரிப்பு உலகப் பொருளாதாரத்தையே பாதிக்கும் சிக்கலாகும். 'நேஸ்' என்னும் அனைத்துலக அமைப்பு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுவதும் எல்லா வகை அரிப்பாலும் ஓராண்டில் ஏற்படும் செலவை 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. இது உலக நாடுகளின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 3.4 விழுக்காடாகும். தெரிந்த தடுப்பு முறைகளைச் சரியாகக் கையாண்டாலே இச்செலவில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அவ்வாய்வு கூறியது.

தடுப்பி செய்யும் வேலை

அமிலத்தால் செதில் கரைய வேண்டும், எஃகு கரையக்கூடாது. இதற்காக அமிலத்தில் மிகச் சிறிதளவு சேர்க்கப்படும் பொருளே அரிப்புத் தடுப்பி. அமிலத்தின் வீரியத்தைக் குறைப்பது இதன் வேலை எனப் பலர் எண்ணுவர். அவ்வாறு குறைத்தால் செதிலும் கரையாமல் போகும். தடுப்பி அமிலத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளிப்படும் எஃகின் மேற்பரப்பைப் போர்த்திக்கொள்கிறது.

இத்தகைய தடுப்பிகளில் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்கள். கரிம அணுக்கள் சங்கிலியாகவோ வளையமாகவோ இணைந்து உருவான மூலக்கூறுகளே கரிமச் சேர்மங்கள் எனப்படும். அவற்றுள் நைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம் ஆகிய அணுக்களைக் கொண்டவை நல்ல தடுப்பிகளாக அமைகின்றன. இவ்வணுக்களிடம் வேறெந்தப் பிணைப்பிலும் ஈடுபடாத எலக்ட்ரான் இணைகள் உண்டு. இரும்பின் மேற்பரப்பிலுள்ள அணுக்கள் அந்த எலக்ட்ரான்களில் பங்குபெறும் இயல்புடையவை. ஆகவே, அம்மூலக்கூறு கை நீட்டிப் பற்றுவதுபோல் எஃகின்மேல் ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு ஒரு பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் ஒட்டிப் படர்வதைப் 'பரப்புக் கவர்தல்' என்பர்.

ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகளின் எஞ்சிய பகுதி அமிலத்தை நோக்கி நிற்கும். ஆயிரமாயிரம் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும்போது, ஓலைக் கூரையில் அடுக்கடுக்காக வேய்ந்த கீற்றுகள் மழையைத் தடுப்பதுபோல் அவை அமிலத்தைத் தடுக்கின்றன. கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் அது. எனினும், இரும்பு கரையும் இடங்களையும் ஹைட்ரஜன் உண்டாகும் இடங்களையும் அது மூடிவிடுவதால் அரிப்பு வெகுவாகக் குறைகிறது.

காம்பிர் இலையில் மிகுந்திருக்கும் கேட்டச்சின் என்னும் பொருளுக்கு இந்த வேலைக்கு ஏற்ற அமைப்பு இயற்கையாகவே உள்ளது. அதன் மூலக்கூறில் வளையங்கள் உண்டு; அவ்வளையங்களின் விளிம்பில் ஆக்ஸிஜன் அணுக்கள் உண்டு. தேயிலையிலும் இப்பொருள் காணப்படுகிறது. டானின்கள் எனப்படும் துவர்ப்பொருள்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் இரும்புக்கும் உள்ள உறவைச் சமையலறையிலேயே காணலாம். வாழைக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கத்தியும் காயும் கறுக்கின்றன. வாழைக்காயின் துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்ததால் தோன்றிய கறுப்பு அது. கடும் அமிலத்தில் இந்தக் கறுப்பு எளிதில் உண்டாகாது. அங்குப் பரப்பில் ஒட்டிப் போர்த்துவதே துவர்ப்பொருளின் முதன்மையான வேலையாகும்.

காத்த அளவை அளத்தல்

ஒரு தடுப்பி எந்த அளவு பயன் தருகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு எஃகுத் தகடுகளைத் தேய்த்துத் தூய்மை செய்து, துல்லியமான தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை வெறும் அமிலத்திலும் மற்றொன்றைத் தடுப்பி கலந்த அமிலத்திலும் ஒரே வெப்பநிலையில் ஒரே கால அளவுக்கு வைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டையும் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வெறும் அமிலத்திலிருந்த தகடு 0.50 கிராம் எடையை இழந்தது என்றும், தடுப்பி கலந்த அமிலத்திலிருந்த தகடு 0.05 கிராம் மட்டுமே இழந்தது என்றும் கொள்வோம். இழக்கவேண்டிய 0.50 கிராமில் 0.45 கிராம் காக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, தடுப்பியின் திறன் 90 விழுக்காடு. இதே சோதனையை வெவ்வேறு அளவிலும் வெவ்வேறு வெப்பநிலையிலும் செய்து பார்ப்பார்கள். தடுப்பியின் அளவைக் கூட்டக் கூட்டத் திறனும் ஓர் எல்லைவரை கூடும். மேற்பரப்பு முழுவதும் மூடப்பட்டபின், மேலும் ஊற்றுவதால் பெரிய பயனில்லை. வெப்பம் மிகுந்தால், மெல்ல ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் பரப்பை விட்டுப் பிரிந்துவிடக்கூடும்.

நஞ்சிலிருந்து இலைக்கு

அரிப்புத் தடுப்பிகள் புதியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் எஃகை அமிலத்தில் கழுவியவர்கள் மாவு, தவிடு, ஈஸ்டு, கரும்பாலைப் பாகு, தாவர எண்ணெய் போன்றவற்றைக் கலந்து பார்த்தனர். காரணம் முழுமையாக விளங்காத காலத்திலேயே, இவை எஃகைக் காப்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பின்னர் ஆற்றல் மிகுந்த இரசாயனங்கள் வந்தன. 1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வற்றிப்போயிருந்த எண்ணெய்க் கிணறு ஒன்றில் 500 கேலன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தப்பட்டது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து எண்ணெய்க்கு வழி உண்டாக்குவதே நோக்கம். கிணற்றின் எஃகுக் குழாய் கரையாதிருக்க ஆர்சனிக் சேர்மம் தடுப்பியாகக் கலக்கப்பட்டது. முயற்சி வெற்றி பெற்றது. கிணறு நாளொன்றுக்கு 16 பீப்பாய் எண்ணெய் தந்தது. ஆயினும், ஆர்சனிக் கொடிய நஞ்சாகும். குழாயைக் காத்த அதே பொருள் மனிதரையும் மண்ணையும் நீரையும் கெடுக்கவல்லது. பிற்காலத்தில் அதன் இடத்தைக் கரிமச் சேர்மங்கள் பெற்றன. செயற்கையாகத் தயாரிக்கப்படும் கரிமத் தடுப்பிகளிலும் சில நச்சுத்தன்மை உடையவை.

தடுப்பியின் வேலை முடிந்தபின் அது எங்கே செல்கிறது என்ற கேள்வி இங்கு எழுகிறது. பயன்படுத்திய அமிலத்தோடு அதுவும் கழிவாகிறது. கழிவைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன நேரும் என்பதை ஜொகூர் மக்கள் நன்கு அறிவர். 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசீர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த வாயுவால் மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்நிகழ்வுக்குக் காரணம் அரிப்புத் தடுப்பி அன்று. எனினும், தொழிற்சாலையில் பயன்படும் எந்த இரசாயனத்தையும் தேர்ந்தெடுக்கும்போதே அதன் முடிவையும் எண்ணவேண்டும் என்பதை அது உணர்த்தியது.

இலையை நாடிய ஆய்வுகள்

இந்த எண்ணமே அறிவியலாளர்களைத் தாவரங்களின் பக்கம் திருப்பியது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், சதுப்புநிலக் கண்டல் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த டானின் அமிலத்தில் எஃகைக் காப்பதை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கரி சுடும் தொழிலில் மரத்தின் உட்பகுதியே பயன்படுகிறது. உரித்த பட்டை கழிவாகிறது. அக்கழிவிலிருந்து பயனுள்ள பொருளை எடுக்க முடியும் என்பது அவ்வாய்வின் சிறப்பாகும். அதே பல்கலைக்கழகத்தினர் 2011-ஆம் ஆண்டில் காம்பிர்ச் சாற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து சோதித்தனர். எஃகின் அரிப்பை அச்சாறு குறைத்தது. சாற்றிலுள்ள மூலக்கூறுகள் எஃகின் பரப்பில் ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம் எனவும் அவர்கள் விளக்கினர்.

இந்தியாவில் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் தாளிப்பில் மணக்கும் கறிவேப்பிலையின் சாற்றைச் சோதித்து, அதுவும் அமிலத்தில் எஃகைக் காப்பதாக 2010-ஆம் ஆண்டில் எழுதினர். உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தமிழ்நாட்டின் காரைக்குடியும் பெயர்பெற்றது. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். உலோகங்கள் ஏன் அரிக்கப்படுகின்றன, அவற்றை எப்படிக் காப்பது என்பது அந்நிலையத்தின் ஆய்வுத் துறைகளுள் ஒன்றாக இருந்து வருகிறது.

எஞ்சியுள்ள தடைகள்

ஆய்வுக்கூடத்தில் வென்ற இலைச்சாறு உடனே ஆலைக்குச் சென்றுவிடுவதில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் தன்மை மாறும். ஆலைக்கோ இன்று வாங்கும் பொருளும் அடுத்த ஆண்டு வாங்கும் பொருளும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். சாறு நாட்பட்டால் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். ஆய்வுக்கூடத்தின் சிறு குடுவையில் நல்ல பயன் தந்தது, கொதிகலனின் வெப்பத்திலும் ஓடும் அமிலத்தின் வேகத்திலும் தாக்குப்பிடிக்குமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே, செயற்கைத் தடுப்பிகளே இன்றும் தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பயன்படுகின்றன.

'இயற்கையானது' என்ற ஒரு சொல்லே ஒரு பொருளை நல்லதாக்கிவிடாது என்பதற்கும் ஜொகூரின் வரலாறே சான்றாகும். அன்று காம்பிர் பயிரிடுவதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. இலையை வேகவைக்க விறகு வேண்டியிருந்ததால் சுற்றியிருந்த மரங்களும் வெட்டப்பட்டன. மண் வளமிழந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த ஆற்றங்கரைக்கு நகர்ந்தனர். எஃகைக் காப்பதற்காக மீண்டும் காட்டை அழித்தால் அது ஆதாயமாகாது. ஆதலால், மரப்பட்டை, பழத்தோல், விதை போன்ற கழிவுகளிலிருந்து தடுப்பிகளை எடுக்கும் முயற்சிக்கு ஆய்வாளர்கள் முதன்மை அளிக்கின்றனர். செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு, இமிடசோலின் என்னும் வகையைச் சேர்ந்த தடுப்பிகளைத் தயாரிக்கவும் முடியும். எண்ணெய்க் குழாய்களைக் காக்க இவ்வகைத் தடுப்பிகள் பயன்படுகின்றன. செம்பனை விளையும் ஜொகூருக்கு இது பொருத்தமான வழியாகும்.

நல்ல தடுப்பி எது என்பதை முடிவுசெய்ய மூன்று கேள்விகள் உதவும். அது எஃகைப் போதிய அளவு காக்கிறதா? அதனைக் கையாளும் தொழிலாளிக்குத் தீங்கு விளைவிக்காமல் இருக்கிறதா? வேலை முடிந்தபின் ஆற்றையும் மண்ணையும் கெடுக்காமல் இருக்கிறதா? ஆர்சனிக் முதல் கேள்வியை மட்டுமே வென்றது. காம்பிர்ச் சாறு பின்னிரண்டிலும் நம்பிக்கையளிக்கிறது; முதல் கேள்வியில், ஆலையின் கடுமையான சூழலில் தன்னை இன்னும் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. மூன்று கேள்விகளுக்கும் ஒருசேர 'ஆம்' எனத் தலையசைக்கும் பொருளைக் கண்டறியும் பணி, வேதியியலைக் கற்கும் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.